முன்பே போய்வந்தவர் போல

2020 நவம்பர் 28. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம், கொலம்பியா நகரம். பெருந்தொற்றுக் காலம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, இடைவேளையில் ஓய்வறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பருவத்தில் அதுவரை ஓர் ஆட்டத்தில்கூட அந்த அணி வெல்லவில்லை. இந்த ஆட்டமும் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. தோள் பட்டைகளோடும் தலைக்கவசங்களோடும் தொங்கிய முகங்களோடும் இருந்த அந்த ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண் எழுந்து பேசினார். பெயர் சாரா ஃபுல்லர்.

அவர் அந்த அணிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பர் அவர். இது நாம் அறிந்த கால்பந்து. சில நாட்களுக்கு முன்புதான் அந்தப் பெண்கள் தங்கள் வட்டாரக் கூட்டமைப்பின் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தார்கள். ஆண்கள் அணியில் பந்தை உதைப்பவர்கள் தொற்றுக் கட்டுப்பாட்டால் ஆட முடியாமல் போகவே, உதைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று இவரை அழைத்தார்கள். அந்த இடைவேளையில் அவர் சொன்னது மிக எளிமையானது. மைதான ஓரத்தில் நிற்கும் நீங்கள் எல்லோரும் ஊமையாக நிற்கிறீர்கள், ஒருவரை ஒருவர் உற்சாகப்படுத்துங்கள், எங்கள் அணி அப்படித்தான் வென்றது என்பதே அதன் சாரம். பிறகு இரண்டாம் பாதியை அவரே உதைத்துத் தொடங்கிவைத்தார். பந்து தாழ்வாக ஏறத்தாழ 30 கெஜம் போனது. நாட்டின் ஐந்து பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகளின் கால்பந்து ஆட்டத்தில் இறங்கிய முதல் பெண் ஆனார். அவர் அணி 41-0 என்று தோற்றது. மறுநாள் பயிற்சியாளர் டெரெக் மேசன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

அந்த உதையை வெறும் விளம்பரம் என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த உதையைவிட அதிகமாக அவர்களைச் சீண்டியது அந்தப் பேச்சு. நேற்று வந்தவள், ஒரு பந்தைக்கூட உதைக்காதவள், ஆண்களுக்குப் புத்தி சொல்வதா என்று கேட்டார்கள். இதே சொற்களை ஒரு பயிற்சியாளர் இன்னும் கடுமையாகச் சொல்லியிருந்தால், உள்ளதை உள்ளபடி சொல்கிறார் என்று அதே வாய்கள் புகழ்ந்திருக்கும். இந்த வேறுபாட்டைப் பற்றியே யோசிக்க விரும்புகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்கும் ஆட்டம். கடந்தால் 6 புள்ளி. அதன் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒரு புள்ளி. கல்லூரி விளையாட்டு என்றதும் நம்முடைய காலி மைதானங்களை நினைத்துவிட வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். பெரும்பாலான மாநிலங்களில், அரசுச் சம்பளம் பெறுவோரில் மிக அதிகம் பெறுபவர் ஆளுநர் அல்ல. பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஆடும் மாணவர்களோ 2021 வரை தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துக்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்ற விதிக்குள் இருந்தார்கள். அவர்களில் பெரும் பங்கினர் கறுப்பின இளைஞர்கள்.

இந்த ஆட்டத்தின் ரசிகர்கள் இரண்டு விஷயங்களைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். ஒன்று, தங்கள் பயிற்சியாளரின் ஒளிவுமறைவற்ற பேச்சு. தோற்ற பிறகு மழுப்பாமல், இன்று நாங்கள் மோசமாக ஆடினோம், இன்னாருக்கு இந்தத் தரம் போதாது என்று சொல்பவரை அவர்களுக்குப் பிடிக்கும். மற்றொன்று, ஆட்டக்காரர்களின் கொண்டாட்டம். பந்தை எல்லை கடத்திய இளைஞன் ஆடினால், கை விரித்தால், கூட்டத்தைப் பார்த்து நெஞ்சைத் தட்டினால், அது திமிர். முதலாவதை நேர்மை என்கிறார்கள், இரண்டாவதை ஒழுக்கக்கேடு என்கிறார்கள். எனக்கோ இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. உள்ளே இருப்பதை மறைக்காமல் வெளியே காட்டுவதுதானே ஒளிவுமறைவின்மை? பயிற்சியாளர் அதை வாயால் செய்கிறார். ஆட்டக்காரர் உடம்பால் செய்கிறார்.

கொண்டாட்டத்தைத் தண்டிக்கும் விதிகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1991 புத்தாண்டு நாளில் நடந்த காட்டன் பௌல் ஆட்டத்தில் மயாமி பல்கலைக்கழக அணி டெக்சஸ் அணியை 46-3 என்று தோற்கடித்தது. மயாமி ஆட்டக்காரர்கள் ஆடியும் பாடியும் சீண்டியும் களித்தார்கள். அந்த ஒரே ஆட்டத்தில் அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைகள் 200 கெஜத்தைத் தாண்டின. அதன் பிறகு விதிகள் இறுகின. 1995இல் தன்மேல் கவனத்தை ஈர்க்கும் செயல்களுக்கு எதிராக நடுவர்கள் இன்னும் கறாரானபோது, வர்ஜீனியாவில் உள்ள கிறித்துவப் பல்கலைக்கழகமான லிபர்ட்டி நீதிமன்றத்துக்குப் போனது. தங்கள் ஆட்டக்காரர்கள் மண்டியிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்வதும் குற்றமா என்பது கேள்வி. வழிபாட்டுக்குத் தடையில்லை என்று விளக்கம் வந்தது. கடவுளைப் பார்த்து மகிழலாம். தன்னை எண்ணி மகிழக் கூடாது.

2008 செப்டம்பரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேக் லாக்கர், ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில் எல்லையைக் கடந்தார். கடந்த வேகத்தில் பந்தைத் தோளுக்குமேல் வானத்தை நோக்கி வீசினார். பந்தை உயரமாக எறிவது விதிமீறல். தண்டனை 15 கெஜம். ஆட்டத்தைச் சமன் செய்திருக்க வேண்டிய உதையை அந்த 15 கெஜம் பின்னாலிருந்து உதைக்க வேண்டியதாயிற்று. எதிரணி தடுத்துவிட்டது. 28-27 என்று தோல்வி. 2010 டிசம்பரில் கன்சஸ் மாநில அணியின் ஏட்ரியன் ஹில்பர்ன் எல்லையைக் கடந்ததும் தன் ரசிகர்களைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார். அதற்கும் 15 கெஜம். 36-34 என்று தோல்வி. அந்த சல்யூட்டால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

இதே நேரத்தில் மைதானத்தில் வேறு என்னவெல்லாம் நடக்கிறது என்று பாருங்கள். டெக்சஸில் புள்ளி எடுத்தால் பீரங்கி முழங்கும். ஒக்லஹோமாவில் மட்டக்குதிரைகள் பூட்டிய வண்டி ஒன்று மைதானத்துக்குள்ளேயே ஓடிவரும். வாத்தியக் குழு முழங்கும், பல்லாயிரம் பேர் எழுந்து குதிப்பார்கள், அறிமுகமில்லாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்தக் காரியத்தைச் செய்தவன் மட்டும் பந்தை நடுவர் கையில் அமைதியாகக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும். கல்யாண விருந்தைச் சமைத்த பெண்கள் கடைசிப் பந்தியில் உட்காருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி அந்நியமானதல்ல. உழைப்பு ஒருவருடையது, மகிழ்ச்சி இன்னொருவருக்குச் சொந்தம். உழைத்தவர் மகிழ்ந்தால், இது என்னால் ஆனது என்று அவர் உரிமை கோருவது போலாகிவிடுகிறது. அந்த உரிமைக்கோரலைத்தான் திமிர் என்கிறார்கள்.

பயிற்சியாளர்களிடையே வழங்கும் ஓர் அறிவுரை உண்டு. எல்லையைத் தொடும்போது, முன்பே அங்கே போய்வந்தவர் போல நடந்துகொள் என்பது அது. பல பழைய பயிற்சியாளர்களின் பெயரில் சொல்லப்படும் வாக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வெற்றியில் நிலைகுலையாத முதிர்ச்சியை அது கேட்கிறது. ஆனால் இந்த அறிவுரை யாருக்குப் பொருந்தும்? முன்பே போய்வந்தவர்களுக்கு. தந்தையும் தாத்தாவும் போய்வந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு. சாரா ஃபுல்லருக்கு முன்னால் அந்த இடத்துக்குப் போன பெண் யாரும் இல்லை. முன்பே போய்வந்தவர் போல நடக்கச் சொல்வது அவரைப் பொய் சொல்லச் சொல்வது. முதன்முறை வந்தவருக்கு அது முதன்முறை என்று காட்டுவதே உண்மை. அப்படிப் பார்த்தால், நேர்மையைக் கொண்டாடுகிற அதே பண்பாடு, தன் ஆட்டக்காரர்களிடமிருந்து ஒரு நடிப்பைக் கோருகிறது.

இனிப் பயிற்சியாளரின் நேர்மைக்கு வருவோம். எல்லா வெளிப்படைப் பேச்சும் ஒரே தரமுடையதல்ல. மிஷெல் ஃபூக்கோ 1983இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நிகழ்த்திய விரிவுரைகளில் பழைய கிரேக்கச் சொல்லான பரேசியாவை ஆராய்ந்தார். அச்சமின்றி உண்மை பேசுதல் என்று பொருள். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பேசுபவருக்கு அதனால் ஆபத்து இருக்க வேண்டும். கொடுங்கோலனைப் பார்த்து நீ செய்வது அநீதி என்று சொல்பவர் பரேசியாவைச் செய்கிறார். ஆசிரியர் மாணவருக்குத் திருத்தம் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது பரேசியா ஆகாது. அவர் இழக்க எதுவும் இல்லை. மேலிருந்து கீழே சொல்லும் உண்மைக்குத் துணிச்சல் தேவையில்லை, பதவி போதும்.

இதற்கு மிகக் கசப்பான எடுத்துக்காட்டு கேட்டி நைடாவின் கதை. 1999இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில் உதைப்பவராகச் சேர்ந்தவர். பிறகு அங்கிருந்து விலகி நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2002 கிறிஸ்துமஸ் நாளில், கல்லூரிக் கால்பந்தின் உச்சப் பிரிவு ஆட்டத்தில் இறங்கிய முதல் பெண் ஆனார். அன்று அவர் உதையை எதிரணி தடுத்துவிட்டது. 2003 ஆகஸ்ட் 30 அன்று இரண்டு உதைகளைக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி, அந்தப் பிரிவில் புள்ளி எடுத்த முதல் பெண்ணும் ஆனார். 2004 பிப்ரவரியில் அவர் வாய் திறந்தார். கொலராடோவில் இருந்தபோது சக ஆட்டக்காரர்கள் தன்னைத் துன்புறுத்தியதாகவும் அவர்களில் ஒருவர் தன்னைப் பாலியல் வன்புணர்வு செய்ததாகவும் சொன்னார். கொலராடோவின் பயிற்சியாளர் கேரி பார்னெட்டிடம் செய்தியாளர்கள் நைடாவைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலின் சாரம் இது: அவள் ஒரு பெண், அதுமட்டுமல்ல, படுமோசமான ஆட்டக்காரி, இதை வேறு மாதிரிச் சொல்ல வழியில்லை.

அவர் மழுப்பவில்லை. ரசிகர்கள் விரும்பும் அத்தனை குணங்களும் அந்தப் பதிலில் இருந்தன. ஒரு பெண் தன் உடலுக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது, அவள் காலின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு அங்கே எப்படி வருகிறது? உதை பற்றி அவர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், வேறொரு உண்மையை மூட அது கேடயமாகப் பயன்பட்டது. பல்கலைக்கழகம் அவரைச் சம்பளத்துடன் விடுப்பில் அனுப்பியது. பதில் சொன்ன விதத்துக்காக மன்னிப்புக் கேட்டார். சில மாதங்களில் பணிக்குத் திரும்பினார். நைடா திரும்பிப் போவதற்கு அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. அந்த வாரத்தில் ஒளிவுமறைவின்றிப் பேசியவர்கள் இரண்டு பேர். ஆபத்தை ஏற்றுப் பேசியவர் ஒருவர்தான்.

அதே கொலராடோவுக்கு 2022 டிசம்பரில் டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளராக வந்தார். ஆடிய காலத்தில் எல்லைக்கோட்டை நெருங்கும்போதே முழங்காலை உயர்த்தி ஆடியபடி ஓடியவர் அவர். வந்த முதல் கூட்டத்திலேயே, வேறு கல்லூரிக்கு மாறும் வழியைத் தேடிக்கொள்ளுங்கள் என்று இருந்த மாணவர்களிடம் நேராகச் சொன்னார். பலர் போனார்கள். ரசிகர்கள் அந்த நேர்மையைச் சுவைத்தார்கள். கறுப்பினத்தவர் என்பதால் அவருடைய தன்னம்பிக்கையை ஆணவம் என்று திரித்தவர்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஆடியதற்காக வசைவாங்கிய உடம்பு, அதிகாரத்தில் அமர்ந்ததும் நேர்மையின் குரலாக மாறிவிடுவதைக் கவனியுங்கள். மனிதர் மாறவில்லை. நிற்கும் இடம் மாறியது.

பெண்கள் ஆடும்போது இந்த அளவுகோல் இன்னும் குறுகுகிறது. கல்லூரிக் கால்பந்திலிருந்து கல்லூரிக் கூடைப்பந்துக்கு ஒரு கணம் போவோம். 2023 ஏப்ரல் 2, டாலஸ் நகரம். பெண்கள் இறுதி ஆட்டத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அயோவாவை 102-85 என்று வென்றது. முடியும் தருவாயில் லூசியானாவின் ஏஞ்சல் ரீஸ், அயோவாவின் கெய்ட்லின் கிளார்க்கைப் பார்த்துத் தன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். வெற்றி மோதிரம் வரப்போகும் விரலைச் சுட்டிக்காட்டினார். நாடு கொதித்தது. அதே கையசைவை அதே தொடரில் சில நாட்களுக்கு முன் கிளார்க்கும் செய்திருந்தார். அப்போது அது போட்டி உணர்வு, விளையாட்டுத்தனம், துடிப்பு. கிளார்க் வெள்ளையர். ரீஸ் கறுப்பினப் பெண். அன்றைய செய்தியாளர் சந்திப்பில் ரீஸ் மழுப்பவில்லை. ஆண்டு முழுக்கத் தன்னை எந்த அச்சுக்குள் அடைக்கப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லி, தன்னைப் போன்ற தோற்றமுள்ள பெண்களுக்காகவே இது என்றார். ரீஸைக் குறைசொல்லத் தேவையில்லை என்று கிளார்க்கே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். சண்டை அந்த இருவருக்கு நடுவில் இருக்கவே இல்லை. இதற்கிடையில் அதிபரின் மனைவி ஜில் பைடன், தோற்ற அயோவாவையும் வெள்ளை மாளிகைக்கு அழைக்கலாமே என்றார். வென்றவர்கள் தங்கள் மகிழ்ச்சியைப் பங்கிட்டுத் தர வேண்டும் என்ற அந்த யோசனையை ரீஸ் ஒரு வேடிக்கை என்று ஒதுக்கினார்.

ரீஸின் சைகை தூய ஆனந்தம் என்று நான் சொல்லவரவில்லை. அது எதிராளியை நோக்கிச் செய்தது, சீண்டல்தான். ஆனால் கிளார்க்குக்கு எந்தத் தராசோ, அதே தராசு ரீஸுக்கும் வேண்டும் என்பதுதான் நீதி.

கடினமான கேள்வி மிச்சமிருக்கிறது. தோற்றவருக்கு எதிரில் மகிழ்வது கொடுமை இல்லையா? 2019 ஜூன் 11 அன்று பெண்கள் உலகக் கோப்பையில் அமெரிக்கா தாய்லாந்தை 13-0 என்று வென்றது. கடைசிக் கோல்களுக்கும் அமெரிக்கப் பெண்கள் ஓடி ஆடிக் கொண்டாடினார்கள். எனக்கும் அன்று உறுத்தியது. அவர்களில் சிலருக்கு அதுதான் உலகக் கோப்பையில் முதல் கோல் என்று பிறகு அறிந்தேன். அவர்களும் முதன்முறை போனவர்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களில் சிலர் தாய்லாந்துப் பெண்களை அணைத்துத் தேற்றினார்கள். ஐந்து நாள் கழித்துத் தாய்லாந்து ஸ்வீடனிடம் 5-1 என்று தோற்றது. அந்த ஒரே ஒரு கோல் விழுந்தபோது தாய்லாந்துப் பெண்கள் கோப்பையையே வென்றவர்கள் போல ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அணியின் மேலாளரான பெண் விம்மி அழுதார். அந்தக் கொண்டாட்டம் யாரையும் சிறுமைப்படுத்தவில்லை. தோற்றுக்கொண்டிருப்பவரும் கொண்டாடலாம் என்றால், கொண்டாட்டத்தின் பொருள் நான் உன்னைவிடப் பெரியவள் என்பது அல்ல. நான் இதைச் செய்தேன் என்பதுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு இருக்கிறது. அது சில நேரம் மங்கலாகவும் இருக்கிறது. அந்தக் கோட்டைக் காரணம் காட்டி இரண்டாவதையும் தண்டிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதையெல்லாம் தொலைதூரத்து அநீதியாக எழுதிவிட்டு நான் நகர்ந்துவிட முடியாது. தமிழில் நமக்கு அடக்கம் என்றொரு சொல் இருக்கிறது. குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அது பால் பார்க்கவில்லை, எல்லோருக்கும் சொன்னது. நடைமுறையில் அது யாரிடம் கேட்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். பிணத்தைப் புதைப்பதற்கும் அடக்கம் என்றே சொல்கிறோம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், ஆண்டு விளையாட்டு விழா மேடையில் 800 மீட்டர் ஓட்டத்துக்கான பதக்கம் வாங்க வந்த மாணவி, பதக்கத்தைக் கழுத்தில் போட்டதும் இரண்டு கையையும் தூக்கி ஓவென்று கத்திக் குதித்தாள். பையன்கள் விசிலடித்தார்கள். முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. விழா முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜெயிச்சாலும் ஒரு அடக்கம் வேணும்மா" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். ஒளிவுமறைவில்லாமல், அவள் நன்மைக்காகச் சொல்வதாகவே நம்பினேன். "சரிங்க மேம்" என்றாள். அடுத்த ஆண்டும் அவளுக்குத்தான் முதலிடம். தலையைக் குனிந்தபடி வந்து பதக்கத்தை வாங்கிக்கொண்டு, குனிந்தபடியே இறங்கிப் போனாள். என் பேச்சு பலித்துவிட்டது என்று அன்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அவள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். முன்பே போய்வந்தவர் போல நடந்துகொள் என்று அவளிடம் சொன்னது யார்? நான்தான். சாரா ஃபுல்லர் அந்த ஓய்வறையில் சொன்னதை ஒரு பெண் ஆசிரியராக நான் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதுகூட வேண்டாம். முன்வரிசையில் இருந்தவள் எழுந்து கைதட்டியிருக்கலாம்.